ரெண்டு வாளி கேட்ட பாடகி

மேடையேறுவதற்கு முன்னால் பாடகர்கள் வெந்நீர் கேட்பார்கள், பனங்கற்கண்டு கேட்பார்கள். இன்னும் சிலர் ஏசி அறை கேட்பார்கள். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் கேட்ட பாடகி, எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். சிவகாசியில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். பெயர் வாளியக்கா. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அக்காவே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இன்றைக்கு நாட்டுப்புறப் பாட்டுக் கச்சேரிக்கு அக்காவின் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் சொல்வது அதற்கு முந்தைய கதை. அப்போது அக்கா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். அதாவது, புஸ்வாணத்துக்கு அவர் உயிர் கொடுப்பார், நான் சட்டை போட்டுவிடுவேன்.

பட்டாசு அறைக்கென்று சில சட்டங்கள் உண்டு. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எதிரெதிர்க் கதவுகள் எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும். உள்ளே போகும்முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். நைலான் சேலை ஆகாது, செல்போன் ஆகவே ஆகாது. வாசலுக்கு வாசல் சிவப்பு வாளிகளில் தண்ணீரும் மணலும் இருக்கும். சாயங்காலம் வேன் ஏறும்போது எல்லாரும் இந்தச் சட்டங்களைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அக்கா மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் வீட்டு முன்கதவையும் பின்கதவையும் மூடி நான் பார்த்ததே இல்லை. தெருவிலுள்ள ஆடுகள் அடுத்த தெருவுக்குப் போக அந்த வீட்டைத்தான் குறுக்கு வழியாகப் பயன்படுத்தின. கேஸ் அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வாளி, அந்தப் பக்கம் ஒரு வாளி. எங்கள் வீட்டுக்கு வந்தால் கிரில் கதவை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதைப் பார்த்து, "எம்புட்டுப் பக்தி!" என்று நெகிழ்ந்துபோய், தானும் கிரில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தார். இன்றுவரை அந்தப் பழக்கம் போகவில்லை.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். சின்ன அறைக்குள் சொந்தபந்தம் ஒரு டஜன் பேர் முண்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா வாசலில் நின்று தலைகளை எண்ணினார்.

"ரூமுக்கு நாலு பேருதான். பிள்ள, ஆத்தா, தாய்மாமன், ஆசாரி. மத்தவுக வெளிய வாங்க."

"அக்கா, நான் பிள்ளையோட அப்பா" என்றேன்.

"அதுக்கு? நீங்க அஞ்சாவது ஆளு தம்பி."

வாசலில் நின்றுதான் என் மகள் அழுததைக் கேட்டேன்.

இப்படிப்பட்ட அக்காவுக்கு அப்படி ஒரு குரல். அறைக்கும் அறைக்கும் நடுவே பொட்டல் வெளியாகக் கிடக்கிற இடத்தில், திரி வைத்துக்கொண்டே பாடிப் பாடி வளர்ந்த குரல் அது. வீட்டுக்குள் மெதுவாகப் பாடினாலே என் அலமாரிக் கண்ணாடி அதிரும். பாட்டெல்லாம் சொந்தச் சரக்கு.

"ஏழு மணி வேனு வருது எந்திரிங்க மதினி
எண்ணெ வைக்க நேரமில்ல, அள்ளிச் செருகு மதினி"

அந்தக் கம்பெனி போர்மேன் மீசையைக்கூட ஒரு பாட்டில் சேர்த்திருந்தார். போர்மேன் கோபித்துக்கொண்டார் என்று அந்த வரியை எடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரே அறை வாசலில் வந்து நின்று, "ஏத்தா, அந்த மீசை வரிய என்ன செஞ்ச?" என்று கேட்டாராம். மனிதர் முகம் வாடியிருந்ததாம். மறுநாளே மீசை திரும்பவும் பாட்டுக்குள் வந்துவிட்டது.

அக்கா பாட்டில் ஒரே ஒரு கோளாறு இருந்தது. ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். இன்னொரு வரி பாடுகிற அளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகுதான் அடுத்த வரிக்கு வருவார். வரி மறந்துவிடுகிறது என்று நான் நினைத்தேன். "என்னக்கா, நடுவுல கரண்டு கட்டா?" என்று கேலியும் செய்திருக்கிறேன். அக்கா சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு கோயிலின் ஆடிப் பொங்கல் விழாவுக்குத்தான் அக்கா முதல்முதலாக மேடையேறினார். விழாக் கமிட்டித் தலைவரின் மனைவியும் அக்காவின் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர். அவர் சிபாரிசு. போஸ்டர் என் பொறுப்பு.

அது தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். புதிதாக டிசைன் செய்ய அவகாசமில்லை. ஒரு புஸ்வாண லேபிளைத் திறந்தேன். நாலு ஓரமும் சிவப்பும் மஞ்சளுமாகக் கதிர் அடிக்கும் அருமையான டிசைன். நடுவிலிருந்த புஸ்வாணத்தைத் தூக்கிவிட்டு அக்கா படத்தை வைத்தேன். கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு 'கிராமியக் குயில்' என்று போட்டேன். மூன்று பேர் சரி பார்த்தோம். அச்சாகி, சூலக்கரையிலிருந்து மல்லாங்கிணறு வரைக்கும் சுவர் சுவராக ஒட்டியும் ஆயிற்று.

மறுநாள் காலையில் தலைவர் போன் செய்தார்.

"என்னய்யா, பாட்டுக்காரம்மான்னுதான சொன்னீக? இங்கன வேற என்னமோ போட்டிருக்கு?"

"என்னண்ணே போட்டிருக்கு?"

"கீள படிச்சுப் பாருய்யா. 'திறந்த வெளியில் மட்டுமே பயன்படுத்தவும். பற்றவைத்தவுடன் விலகி நிற்கவும். குழந்தைகள் பெரியவர்கள் துணையுடன் மட்டும்.' எங்க கோயில்ல பாட வாராகளா, வெடிக்க வாராகளா?"

லேபிளின் அடியில் இருக்கிற எச்சரிக்கை வரிகளை எடுக்க மறந்திருக்கிறேன். மூன்று பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தினமும் பார்க்கிற வரிகள். அவை இல்லாமல் போனால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண் உறுத்தும்.

மன்னிப்புக் கேட்க ஒரு போஸ்டரோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான தம்பி இருக்கு? இதுல என்ன தப்பு?"

விழாவன்று அந்தப் போஸ்டரைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் வந்திருந்தது. முதல் இரண்டு வரிசையில் மட்டும் ஆளே இல்லை. எதற்கும் ஜாக்கிரதையாக இருப்போம் என்று நினைத்தார்களோ என்னவோ. மேடையில் தலைவர், செயலாளர், துணைத்தலைவர், அவர்களுடைய மைத்துனர்கள், பொன்னாடைகள் என்று நிற்க இடமில்லை. அக்கா ரெண்டு வாளியோடு ஏறினார். மேடைக் கம்பியைத் தொட்டார். தலைகளை எண்ணினார்.

"ரூமுக்கு நாலு பேருதான்" என்று மைக்கில் சொன்னார். "நானு, தவிலு, உறுமி, மைக்செட்டுத் தம்பி. மத்தவுக எறங்குங்க."

தலைவர் அசையவில்லை. அக்காவும் பாட ஆரம்பிக்கவில்லை. கூட்டம் தலைவரையே பார்த்தது. கடைசியில் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேடையிலிருந்து ஒரு தலைவரைப் பேச விடாமல் இறக்கிய பெருமை அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

அன்றைக்கு மணல் வாளியின் விளிம்பில் தாளம் தட்டி அக்கா பாடிய பாட்டை யாரோ செல்போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்ப, மதுரையிலிருந்து ஒரு யூடியூப் சேனல்காரர் தேடிக்கொண்டு வந்தார். ஸ்டூடியோவில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பாட்டு. நன்றாக வந்தால் வருஷம் முழுவதும் தான் நடத்தும் கச்சேரிகளில் அக்காதான் பாட வேண்டும் என்றார். வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

சீசன் நேரத்திலும் போர்மேன் லீவு கொடுத்தார். துணைக்கு நானும் போனேன். மதுரை பஸ்ஸில் அக்கா மடியில் ரெண்டு சிவப்பு வாளியும் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. திருமங்கலம் தாண்டும்போது அக்கா சொன்னார்:

"தம்பி, இது மட்டும் நடந்துட்டா நான் வெடிமருந்து ரூமுக்குப் போக வேண்டியதில்ல. பாடியே பொளச்சுக்கிருவேன்."

அக்கா தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது.

பயந்தபடியே ஆயிற்று. ஸ்டூடியோவில் பாடுகிற அறைக்கு ஒரே கதவு, அதுவும் ஒரு முழம் கனம். ஜன்னல் இல்லை. சவுண்ட் இன்ஜினியர் கதவைச் சாத்தினார். அக்கா திறந்தார். மறுபடி சாத்தினார். அக்கா வெளியே வந்துவிட்டார். இப்படி ஏழெட்டுத் தடவை நடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நின்றபோதும் குரல் கொசு மாதிரிதான் வந்தது. அலமாரிக் கண்ணாடியை அதிரவைத்த குரல்! மணி மூன்று. நாலு மணிக்கு வேறு ஆள் வருகிறார் என்றார் இன்ஜினியர்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் கதவ மூடினா என்ன ஆயிரும்?" என்று நானே எரிந்து விழுந்துவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார்.

"கம்பெனில எனக்கு எதுத்த ரூமுல பேச்சின்னு ஒரு பிள்ள இருந்துச்சு தம்பி. நீங்க நம்ம தெருவுக்குக் குடி வாரதுக்கு முன்னால. நான் ஒரு வரி பாடுனா, அங்கன இருந்து அவ ஒரு வரி பாடுவா. ஒருநா லோடு சாஸ்தின்னு ஒரு கதவுல அட்டைப்பெட்டிய அடுக்கி வச்சிருந்தாக. தீப்பிடிச்சதும் மத்த மூணு பேரும் தெறந்த பக்கமா ஓடி வந்துட்டாக. அவ பெட்டி அடுக்குன பக்கம் இருந்தா."

'கரண்டு கட்டா' என்று நான் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அந்த நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. இன்ஜினியர் எழுந்துபோய், யாரும் சொல்லாமலே, அந்தக் கனத்த கதவை முழுசாகத் திறந்து வைத்தார்.

அப்போதுதான் நான் அடித்த போஸ்டர் என் கண்முன் வந்து நின்றது. திறந்த வெளியில் மட்டுமே பயன்படுத்தவும்.

"தம்பி, மைக்க மாடிக்குக் கொண்டுபோக முடியுமா?" என்று இன்ஜினியரிடம் கேட்டேன்.

மொட்டை மாடிக்கு மைக் வந்தது. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தோம். இன்னொரு வாளியில், பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு மணல் அள்ளினேன். அக்கா கைப்பிடிக் கம்பியைத் தொட்டார். தலைகளை எண்ணினார். அக்கா, நான், சேனல்காரர், இன்ஜினியர். நாலு பேர். அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது. 'ஏழு மணி வேனு வருது' என்று எடுத்தார் பாருங்கள், கீழே தெருவில் போய்க்கொண்டிருந்த தள்ளுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

முதல் வரி முடிந்து வந்த இடைவெளியில் ஒரு காக்கா கத்தியது. காக்காவையும் எடுத்துவிட்டு, அந்த இடைவெளிகளையும் வெட்டி ஒட்டிவிடலாம் என்றார் இன்ஜினியர்.

"காக்காவ என்னமும் செய்ங்க" என்றார் அக்கா. "அந்த எடத்தத் தொடாதீக. அது அவ வரி."

இன்ஜினியர் ரெண்டையுமே தொடவில்லை.

அந்தப் பாட்டு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தச் சீசனோடு அக்கா மருந்து அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். போர்மேன் வழியனுப்பும்போது புதிதாக ரெண்டு சிவப்பு வாளி வாங்கிக் கொடுத்தார். இப்போது கச்சேரிகளில் அக்கா ஒரு வரி பாடி நிறுத்தியதும் கூட்டம் மொத்தமும் பதிலுக்கு அந்த வரியைத் திருப்பிப் பாடுகிறது. அந்த நேரம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

பற்றவைத்தவுடன் விலகி நிற்கச் சொல்லி ஊரெல்லாம் ஒட்டியவன் நான்தான். ஆனாலும் பக்கத்தில் எங்கே அக்கா கச்சேரி என்றாலும் முன்கூட்டியே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். என் குரல் கேட்கச் சகிக்காது என்பாள் என் மனைவி. இருக்கட்டும், அக்கா நிறுத்தியதும் நானும் பாடுகிறேன்.