டெஸ்மண்ட் இறங்கும் வளைவு

மலையேற்றத்துக்கு இன்னும் சரியாக இருபத்திரண்டு மணி நேரம் இருந்தபோது, டெஸ்மண்டின் சைக்கிள் அவனைக் கேட்காமலே கியர் மாறியது.

"நான் தொடவே இல்ல!"

"பேட்டரி சரியில்லாம இருக்கும்," என்றாள் மனைவி லியோனி. முன்னால் போய்க்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் 'மலை' என்றால் ஒரே மலைதான். அவர்களுடைய சைக்கிள் கிளப் வருடம் ஒருமுறை அதில் ஏறும். ஆறு வருடமாக டெஸ்மண்ட் ஒரே வளைவில் காலை ஊன்றிவிடுகிறான். எல்லாம் பழக்கதோஷம். இருபது வருடம் படகுத்துறைக்கு அவன் ஓட்டிய பழைய சைக்கிளில் கியரெல்லாம் பின்சக்கரத்தின் நடுவே ஒளிந்திருக்கும். சிக்னலில் நின்றபடியே மாற்றலாம். இந்தச் சைக்கிளில் சங்கிலி ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். கால் சுழன்றால்தான் தாவும். டெஸ்மண்டோ வண்டி நிற்கப்போகும்வரை கனமான கியரிலேயே முக்கிவிட்டு, அப்புறம் பொத்தானை அழுத்துவான். சங்கிலி அலறும். கால் தரைக்கு வரும்.

லியோனி ஏற்றம் கண்ணில் பட்டதுமே லேசான கியருக்குப் போய்விடுவாள். கால் தையல் மெஷின் மாதிரி ஓடும்.

"இதுக்குப் பேரு மிதிக்கிறதா? முட்டை அடிக்கிற மாதிரி இருக்கு," என்பான் டெஸ்மண்ட்.

இந்த வருடம் கிளப் நண்பன் நெவில் பலகையே எழுதி வைத்துவிட்டான்: 'டெஸ்மண்ட் இறங்கும் வளைவு.'

"நாளைக்கும் காலை ஊன்னினா ஆணி அடிச்சிடுவேன்டா. உன் பேரன் பேத்தியெல்லாம் வந்து பார்க்கட்டும்."

வீட்டுக்கு வந்து பேட்டரியை மாற்றினான். அவனுடையது கம்பியில்லாத கியர். கைப்பிடியில் பொத்தான், பின்னால் குட்டி மோட்டார். லியோனியோடு மறுபடி கிளம்பினான். முதல் மேட்டிலேயே அது முன்னைவிடச் சுறுசுறுப்பாகத் தானே மாறியது. சங்கிலியைக் கழுவி எண்ணெய் போட்டான். இப்போது சத்தமே இல்லாமல் மாறியது.

"நீ வேணா வேற வண்டி எடுத்துக்கயேன்," என்றாள் லியோனி.

"இதை ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்."

ஸ்க்ரூவை முறுக்கி, பெரிய பல்சக்கரத்துக்குப் போகும் வழியையே அடைத்தான். சங்கிலி இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டு இழுபட்டது.

சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு தனியாக மெக்கானிக் கைராவின் சைக்கிள் கடைக்குப் போனான். அவள் ஸ்க்ரூவைப் பழையபடி வைத்து, வண்டியை ஸ்டாண்டில் மாட்டினாள். இருவரும் அரை மணி நேரம் அதை முறைத்தார்கள். பரம சாதுவாக இருந்தது.

"வண்டியில ஒரு குறையும் இல்ல," என்றாள் கைரா.

"அப்ப எனக்குத்தான் மறை கழண்டிருச்சா?"

"அதுக்கு நம்ம கடையில ஸ்பானர் இல்ல."

மறுநாள் வளைவில் நெவில் பலகையும் சுத்தியலுமாக நின்றான். லியோனி பத்தடி முன்னால் முட்டை அடித்துக்கொண்டு போனாள். டெஸ்மண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு கனமான கியரில் முக்கினான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

ட்ர்ர். ட்ர்ர்.

வளைவு வருவதற்குள்ளேயே கால் லேசாகிவிட்டது. அவனே நம்பாதபடி வண்டி வளைந்து, ஏறி, போயேவிட்டது. பின்னால் நெவில் சுத்தியலைத் தவறவிட்டான், தன் கால்மேலேயே.

உச்சியில் கைராவின் வேன் எல்லாருடைய கோட்டுகளோடும் காத்திருந்தது. டெஸ்மண்டைச் சுற்றி ஒரு கூட்டம்.

"எப்படிடா?" என்றான் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்த நெவில்.

"ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே மாத்தணும்ப்பா. எல்லாம் விரல்ல இருக்கு. சொல்லிக் குடுத்து வராது, லியோனியைக் கேளு."

லியோனி கையிலிருந்த இறைச்சி பஃப்ஸை அவசரமாகக் கடித்தாள்.

கைரா ஸ்பானரோடு அவளிடம் வந்தாள்.

"லியோனி, உங்க கைப்பிடியில போன வாரம் மாட்டின அந்த ரெண்டாவது பொத்தானைக் கழட்டிடவா? இல்ல, இறங்கும்போதும் டெஸ்மண்டுக்கு நீங்களேதான் கியர் மாத்தப் போறீங்களா?"