வலது பாதி என் கடையில், இடது பாதி எதிர்க்கடையில்

அத்தான் அவர்களுக்கு, கடை திறந்த சந்தோஷத்தில் கை நடுங்க உங்கள் மைத்துனன் எழுதுவது. (கத்தி பிடிக்கையில் நடுங்குவதில்லை, பயம் வேண்டாம்.) இங்கு யாவரும் நலம். அங்கு அக்காவும் பிள்ளைகளும் நலமென்றே நம்புகிறேன்.

தாங்கள் செய்த உபகாரத்தை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். சலூன் வைக்க யாருக்கு அனுமதி என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசாங்கம் சலூன்காரர் சங்கத்திடம் ஒப்படைத்தது, அதோடு திரும்பியே பார்க்கவில்லை. சங்கத் தலைவர் யாருன்னா, என் எதிர்க்கடைக்காரர். அவர்கிட்டயே போய் உங்க எதிர்ல கடை வைக்கட்டுமான்னு கேட்டா விளங்குமா? கைத்திறமையைச் சோதிக்கணும்னார். ஷட்டரைப் பாதி இறக்கிவச்சு அவருக்கு ஷேவிங் பண்ணினேன். அப்புறம் செயலாளர் வந்தார், பொருளாளர் வந்தார், அவரோட சகலை வந்தார், எல்லாரும் ஓசியில மழமழன்னு எழுந்து, "இன்னும் கொஞ்சம் பார்க்கணும் தம்பி"ன்னுட்டுப் போயிடுவாங்க. வாடகை ஏறுது, வீட்ல உங்க தங்கச்சி என்கூடப் பேசறதையே நிறுத்திட்டா. இனி ஆகாதுன்னு நாற்காலியை விக்கறதுக்கே ஆள் பார்த்துட்டேன் அத்தான்.

அப்பத்தான் உங்க ஆபீசிலேர்ந்து நீங்க சொல்லி அனுப்பின மேற்பார்வை அதிகாரி சாமி மாதிரி வந்து இறங்கினார். "அதிகாரத்தைக் கொடுத்தாலும் கண்காணிக்கிறது எங்க பொறுப்பு. போட்டிக்காரரே போட்டியை முடிவு பண்ணக் கூடாது"ன்னார். ஒருதலைப்பட்சம்னு பேச்சு வரக்கூடாதாம், தலையில வலது பாதியை என்கிட்டயும் இடது பாதியை எதிர்க்கடையிலயும் வெட்டிக்கிட்டார். நடுவுல அவர் ரோட்டைக் கடக்கும்போது பஸ்ஸே நின்னு வேடிக்கை பார்த்துச்சு. கண்ணாடியில இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துட்டு, அங்கேயே எனக்கு அனுமதி கொடுத்துட்டார். இனி சங்கம் என்ன முடிவெடுத்தாலும் மேற்பார்வையில சம்மதிச்சாத்தான் செல்லும்னு உத்தரவும் போட்டாச்சு. உங்க தங்கச்சி அழுதுட்டா. நானும்தான், உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன வெட்கம். எனக்காக மட்டும் சொல்லல அத்தான், இனிமே தொழிலுக்கு வர்ற யாரும் இப்படி நாயா அலைய வேண்டியதில்ல.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், லீவுக்கு வரும்வரை முடி வெட்டாமல் வைத்திருக்கச் சொல்லவும்.

என்றும் தங்களுக்குக் கடமைப்பட்ட,
மைத்துனன்

பி.கு.: அதிகாரியால் அடிக்கடி இவ்வளவு தூரம் வர முடியவில்லையாம். அதனால் மேற்பார்வை அதிகாரத்தை உள்ளூரில் ஒரு நம்பிக்கையான ஆளிடம், அதாவது என்னிடம், ஒப்படைத்துவிட்டார். நேற்று தெருமுனையில் கடை வைக்க ஒருத்தர் வந்தார். சங்கம் சரின்னுடுச்சு, நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். ஒரே தெரு எத்தனை சலூனைத் தாங்கும், நீங்களே சொல்லுங்க. அவருக்கும் உங்க ஆபீசில ஒரு அத்தான் இருக்காராம், அவர் மூலமா மேல மனு போடப்போறாராம். எந்த மேஜைன்னு விசாரிச்சு, அந்த மனு நகராம பார்த்துக்குங்க.