சிவலட்சுமி அம்மையார் மறுபடியும் காலமானது பற்றி

வட்டக்கச்சி,
சனிக்கிழமை.

வவுனியாவில் நல்ல சுகத்தோடும், என்மேல் கோபம் இல்லாமலும் இருக்கவேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டிருக்கும் ராஜரத்தினம் மாமாவுக்கு, கஜனி எழுதுவது. அம்மா சுகம், மாடு சுகம், நான்தான் அவ்வளவு சுகமில்லை. மாமியின் முழங்கால் நோவை நான் விசாரித்ததாகச் சொல்லவும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனைக் காதில் வைத்தால் எனக்கு வாய் வராது. நீங்களும் நாலு தரம் "ஹலோ" சொல்லிவிட்டு, சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள்.

பதாகை அடிக்கக் கடைக்கு வந்த ஒரு படத்தில் நான் முதலில் கண்டது, அதிலிருந்த அம்மாவின் வலது கன்னத்தில் இருந்த ஒரு தீற்றல். விரலில் ஏதோ பூசியிருந்ததை மறந்து கன்னத்தைச் சொறிந்ததுபோல இருந்தது. கண்ட உடனே அதை அழித்துவிட்டேன். மாமா, எங்கள் கடைப் பழக்கம் அது. காலமானவர்களின் படம் வந்தால் மரு, தழும்பு, வெயிற்கறுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆண் என்றால் கோட்டும் கழுத்தில் ரையும், பெண் என்றால் பட்டுச்சேலையும் சங்கிலியும் கணினியில் போட்டுவிடுவோம். வாழ்நாளில் காலில் சப்பாத்தே போடாத எத்தனையோ பேர் எங்கள் கடையில் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் மேலே போயிருக்கிறார்கள். ஆகவே அந்த அம்மாவுக்கும் மெரூன் நிறப் பட்டு உடுத்தி, இரட்டைவடச் சங்கிலியும் சிமிக்கியும் போட்டேன். மிகவும் வடிவாக வந்தது. அங்கேதான் என் கெட்டகாலம் தொடங்கியது.

படத்தைக் கொண்டுவந்தவர் மாயாண்டி ஐயா. எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய சனங்கள் இருக்கிறார்கள் அல்லவா, அங்கே வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருப்பவர். வியாழக்கிழமை வந்து, "நாளைக்குச் சிவலட்சுமி அம்மையாரோட நாளு பாப்பா. சந்தியில கட்ட ஒரு பேனர் வேணும்" என்று சொல்லி, படத்தையும் கையால் எழுதிய இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தார். என்ன நாள், யார் அம்மையார் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். முதலாளி பிரதாபன் அண்ணா அச்சு மெஷினுக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார், கடையில் நான் தனிய, அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு வேலை. அந்த இரண்டு தாளையும் நான் முழுதாக வாசிக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி அச்சுரு கணினியில் எப்போதும் தயாராக இருக்கும். பிறந்த இடம், பெற்றோர் பெயர், கணவர் பெயர் போட்டால் போதும், பாசமும் பரிவும் அதிலேயே அடித்திருக்கிறது. கணவர் பெயரைத்தான் காணவில்லை. தேடிப் பார்த்தேன், வேதமூர்த்தி என்று ஒருவரின் பெயர் ஐந்தாறு தரம் வந்தது, இருவரும் ஒரே வழக்கில் பதினொரு மாதம் உள்ளே இருந்தார்களாம். எங்கள் ஊரில் ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு தரம் போனாலே முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே "வேதமூர்த்தி அவர்களின் பாசமிகு மனைவியும்" என்று போட்டேன். மலர்வு 1904 என்று தாளில் இருந்தபடி போட்டேன். உதிர்வுக்கு நாளும் மாதமும் மட்டும் இருந்தன, வருடம் இல்லை. இந்த வருடத்தைப் போட்டேன். தொடர்புக்கு மாயாண்டி ஐயாவின் போன் நம்பர். அவருக்குக் கண்ணில் வெண்படலம், ஒபரேசனுக்கு நாள் எடுத்திருக்கிறார். பதாகையை ஒரு முழத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லா பளபளன்னு இருக்கு" என்று சொல்லிச் சுருட்டிக்கொண்டு போய், மறுநாள் விடியத் தானே சந்தியில் கட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மாவும் மற்றவர்களும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாயாண்டி ஐயா பல் தீட்டி முடிக்கவில்லை, மரணாதார சங்கத்தின் உழவு இயந்திரம் அறுபது கதிரையோடும் தகரப் பந்தலோடும் முற்றத்துக்கு வந்துவிட்டது. கூடவே சங்கத் தலைவர் இளையதம்பி ஐயா. நூற்றிருபது வயதைத் தாண்டுகிறதே என்று ஊரில் ஒருவரும் சந்தேகப்படவில்லை, மாமா. அவர் ஒருவர்தான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, "நிறைஞ்ச சீவியம்" என்றாராம்.

"மாயாண்டி, மனதைத் தேற்றிக்கொள்ளும். பிரேதம் எப்ப எடுக்கிறியள்?"

"எழுவது வருசத்துக்கு முன்னாலயே எடுத்தாச்சுங்க."

"துக்கத்தில கதைக்கிறார், அந்தக் கதிரையைக் குடுங்கோ" என்று அவரைப் பிடித்து இருத்திவிட்டார்கள். அதற்குள் ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி கட்டியாயிற்று, தேத்தண்ணிக்கு அடுப்பில் கிடாரம் ஏறிவிட்டது. பளையில் கலியாணம் கட்டியிருக்கும் அவருடைய மகள் நிசாந்தினிக்கு யாரோ "உங்கட வீட்டில செத்த வீடு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அவர் பஸ்ஸில் பளையிலிருந்து கிளிநொச்சி வரை அழுதுகொண்டு வந்து, முற்றத்தில் தகப்பன் பற்பொடியோடு நிற்கக் கண்டு கட்டிப்பிடித்து, பிறகுதான் கோபம் வந்து, "உசிரோடதான இருக்க, அப்ப போன எடுக்கிறதுக்கு என்னப்பா?" என்று கேட்டார். "எல்லாரும் துக்கம் விசாரிச்சிக்கிட்டே இருக்காங்க, நான் எப்புடிம்மா எடுக்கிறது" என்றாராம் அவர்.

இது ஒன்றும் தெரியாமல் நான் வேலைக்கு வெளிக்கிட, அம்மா வெள்ளைச் சேலையோடு வந்து நின்றார். "வாய்க்காலுக்கு அங்கால ஒரு செத்த வீடு. சிவலட்சுமியாம். பனர் பாத்தனியே, என்ன வடிவான சங்கிலி, பாவம்." அந்தப் பெயரைக் கேட்டதும் பையிலிருந்த இரண்டு தாளையும் எடுத்து முதல் தரமாக முழுவதும் வாசித்தேன், மாமா. அது செத்த வீடில்லை, எப்போதோ காலமான ஒருவரின் நினைவுநாள் என்று அப்போதுதான் விளங்கியது. அம்மாவுக்குப் பின்னால் போனேன்.

மாயாண்டி ஐயா பதாகையை அவிழ்த்து வந்து மூக்கோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிழையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "நகையெல்லாம் கழட்டி இந்தியச் சுதந்திரப் போராட்டத்துக்குக் குடுத்த மனுசிக்கு எல்லாத்தையும் திருப்பிப் போட்டு விட்டிருக்கியே பாப்பா" என்றார். பிறகு இன்னும் கிட்டப் பார்த்து, "வேதமூர்த்திக்கு வேற பொண்டாட்டி இருந்துச்சும்மா. அதுவும் அதே ஜெயில்லதான்" என்றார்.

எங்கள் பக்கத்துச் சனங்கள் கதிரைகளில் இருந்தார்கள். செத்த வீட்டுக்கு மட்டும்தான் அவர்கள் வாய்க்கால் கடப்பார்கள், அது உங்களுக்கும் தெரியும். செத்த வீடு இல்லை என்று தெரிந்ததும் சிலர் எழும்பத் தொடங்கினார்கள். இளையதம்பி ஐயா கதிரைகளை எண்ணத் தொடங்கினார். அப்போது மாயாண்டி ஐயா, "வந்தது வந்திட்டீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வருசா வருசம் நாங்க பதினொரு பேருதான் இருந்து அம்மையாரப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லி, தாள்களை என்னிடமே நீட்டினார். "எனக்குக் கண்ணு தெரியாது. நீதான் படிக்கணும்."

பத்தாம் வகுப்போடு நின்ற என்னை, ஆசிரியர் பெயர் கூப்பிட்டால் மேசைக்குக் கீழே பார்த்த என்னை, எழுபது பேருக்கு முன்னால். வாசித்தேன், மாமா. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்ததும், பதினொரு வயதில் பள்ளியை விட்டு நிறுத்தியதும், அடுப்புக்கரியால் குசினிச் சுவரில் வரையத் தொடங்கியதும் வாசித்தேன். கன்னத்தில் நான் அழித்தது அந்தக் கரிதான் போலும். சிறையில் செங்கல் தூளால் சுவரில் வரைய, அவர்கள் வெள்ளையடிக்க, நல்ல வெள்ளைச் சுவர் கிடைத்தது என்று மறுபடி வரைந்ததையும் வாசித்தேன். பிறகு கிணற்றுக் கதை. ஒரு ஊரில் சில சனங்களைப் பொதுக்கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை. அம்மையார் போய், அந்த ஊர்ப் பெரியவர்களைப் படம் வரையப்போகிறேன் என்று கிணற்றுக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தியிருக்கிறார். அசைந்தால் மீசை கெட்டுவிடும் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னேரம் வரை அசையாமல் இருக்க, அவர்களுக்குப் பின்னால் அந்தச் சனங்களின் தெரு முழுவதும் தண்ணீர் அள்ளி முடித்துவிட்டது.

முதலில் சிரித்தது மாயாண்டி ஐயா. பிறகு இளையதம்பி ஐயா, தன் மீசையைத் தடவிப் பார்த்துவிட்டு. பிறகு பந்தலே சிரித்தது. ஒழுங்கையால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, வெள்ளைக்கொடியையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். கடல் கடந்து மலைநாட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனத்துக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததையும், அங்கே மாயாண்டி ஐயாவின் தகப்பன் பெயர் எழுதப் பழகியதையும் வாசித்தேன். முன்வரிசையில் எங்கள் பக்கத்து ஞானேஸ்வரி அக்கா விம்மினார். "செத்து எழுபது வருசமாச்சுதல்லே" என்று அம்மா மெதுவாகச் சொன்னார். "தெரியும். அழவெண்டு வந்தனான், அழுதிட்டுப் போறன்" என்றார் அவர். எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஆனால் மாமா, அது வேறு, கடை வேறு. உங்கள் வாக்கை நம்பித்தான் பிரதாபன் அண்ணா எனக்கு வேலை தந்தார். அவர் திங்கட்கிழமை வருகிறார். ஊர் முழுக்கச் சிரித்த பிறகு அந்தக் கணினிக்கு முன்னால் நான் இருக்கமுடியாது. அவர் வேலையிலிருந்து நிற்பாட்டும் முன் நானே நிற்கிறேன். நீங்கள் செவ்வாய்க்கிழமை வந்து அவரோடு கதைத்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே ஒரு தையற் தொழிற்சாலையில் விட்டுவிடுங்கள். அங்கே தைத்தால் போதும், யாரும் சாகமாட்டார்கள். மாமியையும் உங்களையும் எந்தக் குறையும் அண்டாமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் அன்புள்ள மருமகள்,
கஜனி.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்கு முத்திரை வாங்க மறந்ததால் இது திங்கட்கிழமை வரை என் பையிலேயே இருந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வரவேண்டாம், மாமா. பிரதாபன் அண்ணா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "எழுபது வருசத்துக்கு முந்திச் செத்த ஆளுக்கு எழுபது பேரைக் கூட்டியிருக்கிறாய். உயிரோட இருக்கிற நான் கடை திறக்க ஒன்பது பேர்தான் வந்தவை" என்றார். நான் நிற்கப்போகிறேன் என்றேன். "ஓம், நில். அந்த முன்மேசையில நில். வாற சனத்தோட இனி நீதான் கதைக்கிறது. அதுதான் தண்டனை" என்று சொல்லிவிட்டு மெஷினைக் கழற்றப் போய்விட்டார். அழுகை வந்தது, ஆனால் அதற்குள் ஒருவர் வந்து, வயதான ஒரு மனிதரின் படத்தை ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்தார். நான் எழும்பி நின்று, அவரின் முகத்தைப் பார்த்து, "அண்ணை, இவர் உயிரோட இருக்கிறாரோ, மோசம் போயிட்டாரோ?" என்று கேட்டேன்.