கலியாண மாலையோடு சாவடி வாங்கில்

என் கலியாணத்தைக் குழப்பியது நீங்கள்தான். பொலிசுக்குக் கொம்பியூட்டர் கொண்டுவந்த பெரிய ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன்.

அது வரப்போகிறது என்றபோது அதிகம் சந்தோசப்பட்டவன் நான். யுத்த காலம். திருகோணமலை நகரத்தில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். (மூன்று மெசின். ஒன்று வேலை செய்யும்.) தண்டம், முறைப்பாடு எல்லாம் ஒரே இடத்தில் பதிவார்கள், எந்தச் சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினால் விபரம் வரும் என்றார்கள். வருங்கால மாமியிடம் போய் விளக்கம் கொடுத்தேன்.

"இனிச் சும்மா பிடிக்க ஏலாது மாமி. கொம்பியூட்டர் பொய் சொல்லாது."

"அப்பிடியே தம்பி?" என்றார் மாமி. முகத்தில் நம்பிக்கை இல்லை.

கலியாணத்துக்கு முதல் மாதம் ஒரு மாலை, சாம்பல்தீவுக்குச் சைக்கிளில் திரும்பினேன். சாவடியில் இறங்கி உருட்டித்தான் போக வேண்டும், ஆமியின் கட்டளை. என் லைட் டைனமோவில் எரிவது. சில்லு வேகமாகச் சுற்றினால்தான் வெளிச்சம், உருட்டினால் அணைந்துவிடும். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர், லைட் இல்லாத சைக்கிள் என்று தண்டம் எழுதினார்.

"சேர், ஏறி ஓடினா எரியும்."

"ஏறினா ஆமி சுடும்," என்றார். (நியாயமான மனிதர்.)

தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காற்சட்டைப் பொக்கற்றில் வைத்தேன்.

கலியாணக் காலை. பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை. நண்பன் ஓட்டிய வான் வண்டியில் நகரத்துக்குப் போகிறேன். அதே சாவடிக்கு அன்றுதான் கொம்பியூட்டர் வந்திருந்தது. இலக்கத்தைத் தட்டினார்கள். என் பெயர் சிவப்பில் வந்தது. கட்டிய தண்டத்தை யாரும் பதியவில்லை.

"சேர், இது சைக்கிள் லைட்டுக்கு வந்த சிவப்பு."

"சிவப்பு எண்டா சிவப்புத்தான். இரு."

பற்றுச்சீட்டு காற்சட்டையில், காற்சட்டை வீட்டில். பட்டு வேட்டிக்கு ஏது பொக்கற்? நண்பன் வானைத் திருப்பிக்கொண்டு பறந்தான். நான் மாலையோடு, சாவடிக்குள் கிடந்த நீட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அவருடைய மீன் பெட்டிச் சைக்கிள் வெளியே சாய்ந்து நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்பிள்ளையையும் விடேல்லையோ? என்ன குற்றம்?"

"லைட் இல்லையாம் அண்ணை."

"எனக்கும் சிவப்புத்தான். மனிசியை ஏத்திக்கொண்டு டபிள்ஸ் போனனான், வேறை ஒண்டுமில்லை. நீங்கள் படிச்ச ஆள் போலை கிடக்கு. ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன்."

பற்றுச்சீட்டு வந்தது. என்னை விட்டார்கள். போகுமுன் அவரைப் பற்றிக் கேட்டேன்.

"நீ போ. கலியாணத்தை முடி," என்றார் பொலிஸ்காரர்.

ஐயர் எழும்பப் போன நேரத்தில் மணவறைக்கு ஓடினேன். வியர்வையில் தலைப்பாகை ஒரு காதில் தொங்கியது. மாமி சொன்ன முதல் வார்த்தை: "கொம்பியூட்டர் பொய் சொல்லாது, என்ன தம்பி?"

இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், மனைவியும் பிள்ளைகளும் அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். நான் வீட்டுக்கு வந்தவன், சிரிக்கலாம்.

அந்த மீன் பெட்டிச் சைக்கிள் சாவடிச் சுவரிலேயே சாய்ந்து நின்று, மழையில் கறள் பிடித்தது. ஒருநாள் அவருடைய மனைவி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"மாலையோடை இருந்த மாப்பிள்ளை நீங்களோ? அவர் உங்களோடை என்ன கதைச்சவர்?"

டபிள்ஸ் கதையைச் சொன்னேன். "என்னைத்தான் ஏத்தினவர்," என்றார். பிறகு சாவடிப் பக்கமாகத் திரும்பி நடந்தார்.

பெரிய ஐயா, உங்கள் கொம்பியூட்டர் எல்லாவற்றையும் பதிந்ததல்லவா? என்னோடு அந்த வாங்கில் இருந்தவர் எங்கே? என்னைக் கூப்பிட்டு இரகசியமாகச் சொல்ல வேண்டாம். அந்த மனிசிக்கும் கேட்கிற மாதிரி, ஊரறியச் சொல்லுங்கள்.