ஒயர் மாமாவின் எதிரி

கடலூர் மாவட்டத்திலேயே தன்னை யார் திட்டுகிறார்கள் என்று கேட்பதற்காகச் சொந்தக் காசில் கருவி வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஒயர் மாமாதான்.

சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி. நான் ஸ்டோர்ஸ், அவர் டெஸ்பாட்ச். சிதம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றாக வருவோம். எந்நேரமும் அவர் காதிலிருந்து இயர்போன் ஒயர் தொங்கும், அதனால் அந்தப் பெயர். பிரமோஷன் அறிவிக்கும்போதெல்லாம் அவர் பெயர் மட்டும் இருக்காது.

"எவனோ மேனேஜர்கிட்ட போட்டுக் குடுக்கறான்டா. கையும் களவுமா புடிக்கிறேன் பாரு" என்று பல்லைக் கடிப்பார்.

பிடிக்க அவர் செய்த ஏற்பாடுதான் கொடுமை. புதிதாக வாங்கிய எம்பி3 பிளேயரில் ரெக்கார்டிங் வசதியும் இருந்தது. அதை ஓடவிட்டு, கேன்டீனில் டீ கேனுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். ஆனால் இயர்போனைக் கழற்ற மாட்டார். கழற்றினால் சந்தேகம் வருமாம். ஒயரின் மறுமுனை வெறும் சட்டைப் பைக்குள் கிடக்க, இல்லாத பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே வெளியே உலாத்துவார்.

ஒருநாள் டீ ஊற்றுகிற அக்கா பிளேயரை எடுத்து வந்து, "உங்க பாட்டுப் பொட்டி இங்க கெடக்குது, அப்ப காதுல என்னா ஓடுது?" என்று கேட்டேவிட்டார்.

"ரேடியோம்மா. காத்துலயே வருது" என்று சமாளித்தார் மாமா.

கொஞ்ச நாள் கழித்து பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், ரகசியத்தை எல்லாம் கொட்டினார். கண் கலங்கியிருந்தது.

"பூராத்தயும் கேட்டுட்டேன்டா. கரண்ட் கட்டு, பலாப்பழ வெல, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி, எல்லாம் பேசுறீங்க. என்னப் பத்தி ஒரு வார்த்த இல்ல."

"நல்லதுதான மாமா?"

"என்னா நல்லது? போட்டுக் குடுக்கக்கூட எவனுக்கும் என் நெனப்பு வரல."

எதிரி இருந்தாலாவது போய்ச் சண்டை போடலாம்.

மறுநாள் எல்லோரிடமும் சொல்லி வைத்து, டீ கேன் முன்னால் நின்று அவரைப் பற்றியே பேசினோம். "சரியான கஞ்சன், ஒரு டீ வாங்கித் தந்தது கெடையாது" என்றார் ஒருவர். "லோடு அனுப்பறதுல அவர அடிச்சுக்க ஆளே இல்ல" என்றார் இன்னொருவர். "அவுங்க இல்லன்னா கேன்டீனே டல்லு" என்று அக்காவும் சேர்ந்துகொண்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஆவலாகக் கேட்டேன். "இன்னிக்கு என்னா மாமா ரெக்கார்டு ஆச்சு?"

"பேட்டரி தீந்துபோச்சுடா. இருந்திருந்தா மட்டும் என்னா, அதே சாம்பாருதான்."

பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். "எனக்கோசரம் சொல்ற, உடு" என்று பிளேயரை என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரமோஷன் வராமலேயே ரிட்டையரும் ஆனார். வழியனுப்பு விழாவில் மேனேஜர் அவர் பெயரைத் தப்பாகச் சொன்னார்.

மாமா, இந்தப் பக்கம் முழுக்க உங்களைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். இதற்குப் பேட்டரி வேண்டாம்.