ஏரிக்கரை வீட்டை விற்றுத் தரக் கோரி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே உங்கள் மனைவி, பிள்ளைகள், புதிதாக வாங்கிய சோபா எல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் அன்போடு தேடிப் பிடித்து, நேரில் அழைத்து வந்து காட்டி, "அத்தான், ரிட்டயர் ஆனவங்களுக்குன்னே கட்டின வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லி எங்கள் தலையில் கட்டிய இந்த ஏரிக்கரை வீட்டைத் தாங்களே மறுபடி விற்றுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஒருவரை அழைத்து வருவதாகத் தாங்கள் போனில் சொன்னது வயிற்றில் பால் வார்த்தது.

இத்துடன் "தாங்கள்" முடிந்தது மாப்பிள்ளை. இனிமேல் என்னால் முடியாது. "நீ" என்று எழுதினால்தான் எனக்குக் கை ஓடும், வாயில் வருவதையும் எழுத முடியும்.

நான் எதற்காக ஏரிக்கரைக்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியாததா? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை ஓடுகிற ரயிலில் டிக்கெட் பரிசோதகன். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாக நடந்தவன். தூங்குகிறவனை எழுப்பினால் முறைப்பான்; எழுப்பாமல் விட்டால், டிக்கெட் இல்லாதவனெல்லாம் குறட்டை விட ஆரம்பிப்பான். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று ஒருவன் வெளியே வரட்டும் என்று இரண்டு ஸ்டேஷன் காத்திருந்தவன் நான். ஓய்வுக்காலத்தில் நான் கேட்டதெல்லாம் இரண்டே இரண்டு. உட்கார்ந்த இடம் நகரக்கூடாது. எதிரே ஆள் நடக்கக்கூடாது. முதலாவது கிடைத்துவிட்டது, அதற்கு உனக்கு நன்றி.

இரண்டாவதுக்கு வருகிறேன். நீ எங்களை அழைத்து வந்து வீட்டைக் காட்டியது உச்சி வெயில் நேரம். ஆள் அரவமே இல்லை. முன் வாசலைத் திறந்தால் தெரு, தெருவில் பஸ் நிற்கிற இடம். பின் வாசலைத் திறந்தால் நம் வீட்டுக்கென்றே கட்டியது போலப் படித்துறை, அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். என்ன அழகு என்றாய். நானும் தலையை ஆட்டினேன். அந்தப் படித்துறை எதற்கு, அது ஏன் இப்படி நடுவில் தேய்ந்திருக்கிறது என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டிக்கெட்டில் தேதி திருத்தியிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு அன்றைக்கு என்ன வந்ததோ.

குடிவந்த மறுநாள் காலை. குளித்துவிட்டுத் துண்டு கட்டிக்கொண்டு கூடத்தில் நின்று தலை துவட்டிக்கொண்டிருக்கிறேன். பின் வாசல் வழியாக ஒரு அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், பின்மண்டையில் ஈரம் நிற்கிறது, நன்றாகத் துவட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்றார், முன் வாசல் வழியாக வெளியே போய் பஸ் ஏறிவிட்டார். ஓய்வு பெற்ற நர்ஸாம். பிற்பாடு தெரிந்தது. நான் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், ஒரு பெரிய மீசைக்காரர் தோளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, முன்சக்கரம் விளக்கில் இடிக்காமல் இருக்கத் தலையை மட்டும் குனிந்து, ஏற்கெனவே பழகிய ஆள் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் ஒரு கணவன் மனைவி, சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். பின் வாசலில் ஆரம்பித்த வாக்கியத்தை முன் வாசலில் முடித்தார்கள். நடுவில் என் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கள், யார் பேரில் தப்பு என்று வேறு கேட்டார்கள். துண்டோடு நிற்கிறவன் என்ன தீர்ப்புச் சொல்வான்?

விஷயம் இதுதான் மாப்பிள்ளை. அக்கரையில் இருப்பவர்கள் எல்லாரும் நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள். பஸ், கடை, வைத்தியசாலை எல்லாம் இக்கரையில். ஏரியைச் சுற்றி வர ஒரு பாதை இருக்கிறது. முழங்கால் வரை சேறு. படகில் வந்தால் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் வந்துவிடலாம். ஆனால் இக்கரை முழுவதும் நாணலும் பாறையும். இறங்குவதற்கு இருப்பது நம் படித்துறை ஒன்றுதான். நம் வீடோ இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அடைத்துக் கட்டியது, பக்கத்தில் ஒரு பூனை போக இடமில்லை. ஆகவே நமக்கு முன்னால் இங்கே தனியாக இருந்த மனிதர் இரண்டு வாசலையும் திறந்து போட்டுவிட்டார். அன்றிலிருந்து நம் கூடம்தான் பொதுவழி. இதை அவர் உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்கு அது விசேஷமாகவே தோன்றவில்லை.

வாழ்க்கை முழுக்க அனுமதி இல்லாமல் நுழைந்தவர்களைப் பிடித்து இறக்கிவிட்டவனுடைய கூடத்தில் ஊரே அனுமதி இல்லாமல் நடக்கிறது. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டவன்கூட என்னைப் பார்த்து ஆறுதல் அடைவான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பழக்கதோஷத்தில் ஒருநாள் காலையில் பின் வாசலில் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம் எங்கே போகிறீர்கள் என்று அதட்டினேன். ரயிலில் இந்தக் கேள்விக்கு எவனும் உண்மை சொன்னதில்லை. இங்கே எல்லாரும் உண்மையே சொல்கிறார்கள். ஒருவர் பல் பிடுங்கப் போகிறார், பயமாக இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் மகளைப் பார்க்கப் போகிறாராம். மகள் வெகு நாள் பேசாமல் இருந்து நேற்றுத்தான் போன் செய்தாளாம். நான் என்ன செய்வது, அடுத்த ஸ்டேஷனில் இறங்கு என்றா சொல்வது? பிறகு ஒரு பலகை எழுதி மாட்டினேன். "இது வீடு" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். மீசைக்காரர் சைக்கிளோடு நின்று அதைச் சத்தமாகப் படித்து, "ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஓய்வு பெற்ற தையல்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் எழுத்து கோணல் என்று பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். அதே மனிதர்தான் போன வாரம் நம் திரைச்சீலையைப் போகிற போக்கில் அளந்துபார்த்து, இரண்டு விரற்கடை நீளம் கூடுதல் என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் ஜன்னல் அம்மணமாக நின்றது. தைத்துக் கொண்டுவந்து மாட்டினபோது சரியாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

உன் அக்காவைப் பற்றிக் கேட்பாய். இங்கே வரமாட்டேன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடக்க என்னால் ஆகாது என்று உன் முன்னால் அழுதாளே, அவளேதான். நகரத்து வீட்டில் மூன்று தாழ்ப்பாள் போட்டு உள்ளே இருந்தவள். எதிர் வீட்டுக்காரர் பெயர்கூட நமக்குத் தெரியாது. நான் வெளியூர் வண்டியில் போனால் திரும்பி வரும் வரை அவள் பேசுவது ரேடியோவோடுதான். இப்போது? கூடத்தில் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டாயிற்று. யாருக்குச் சர்க்கரை, யாருக்குச் சர்க்கரை இல்லை என்று தேநீர்க் கணக்கு விரல் நுனியில். என்னுடைய கறுப்புக் கோட்டு மாட்டுகிற ஆணிகளில் இப்போது அக்கரைக் குடைகள். அலமாரியில் மூன்று வீட்டுச் சாவி. அன்றைக்குச் சவரம் செய்யப் போனேன், கண்ணாடிக்குக் கீழே டம்ளரில் ஒரு செட் பல். என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. தையல்காரருடையதாம், ரிப்பேருக்குப் போய் வந்ததை அவர் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வாராம். இது வீடா, க்ளோக்ரூமா என்று கத்தினேன். உன் அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமான புதிதில் கேட்டது. அப்புறம் நான் இப்போதுதான் கேட்கிறேன். அதற்காக நான் விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

ஒரு பூசணிக்காய் விவகாரமும் உண்டு. வழி விடுகிறோமே என்று எல்லாரும் போகும்போது ஒன்றும் சொல்லாமல் தங்கள் தோட்டத்தில் விளைந்ததை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரே பருவத்தில் எல்லார் தோட்டத்திலும் பூசணிக்காய்தான் விளையும் போலிருக்கிறது. கூடத்தில் நடக்க அவர்களுக்கு வழி இருக்கிறது, எனக்குத்தான் இல்லை. ஒன்றில் இடறி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா உள்ளே வந்ததால் கட்டுப் போட்டுவிட்டார்கள். இவர்கள் யாருமே வராதிருந்தால் பூசணிக்காயும் இருந்திருக்காது, நானும் விழுந்திருக்க மாட்டேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. உன் கையளவு பெரிய தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்து பின் வாசலில் பொருத்தி, போட்டுவிட்டேன். ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை மாப்பிள்ளை. படித்துறை வரை வந்தார்கள், கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தார்கள், படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நர்ஸம்மா ஏரியைச் சுற்றி நடந்து வந்து, முழங்கால் வரை சேறோடு நம் வாசலுக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றார். என்னைப் பார்த்து முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வீடு நான் கேட்டபடியே ஆகிவிட்டது. உன் அக்கா சண்டை போடவில்லை. கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுகிறவள், பாத்திரத்தைச் சத்தமே இல்லாமல் வைக்கிறாள். எது கேட்டாலும் "ம்" என்கிறாள். பெஞ்சைத் துடைத்துவிட்டு அதில் அவளே உட்கார்ந்துகொள்கிறாள். ஃபிரிட்ஜ் இரைவது இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

நேற்று அக்கரைக்காரர்கள் வைத்திருக்கிற சங்கத்தின் தலைவர் வந்தார். முன்னாள் பள்ளிக்கூட ஆய்வக ஆசிரியர், எதையும் அளந்து பேசுகிறவர். சேற்றுப் பாதையில் சுற்றி வந்து, முன் வாசலில் செருப்பைக் கழற்றி, மணி அடித்து, உள்ளே வரலாமா என்று கேட்டார். இத்தனை நாள் உள்ளே வந்து போனவர் அப்படிக் கேட்டதில் எனக்கு என்னவோ போல் இருந்தது. எங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததற்கு எல்லார் சார்பிலும் மன்னிப்புக் கேட்டார். கரையோரமாக நாணலை வெட்டி, பலகை அடித்து, எங்கள் சுவரை விட்டு மிகவும் தள்ளி ஒரு தனிப் பாதை போட்டுக்கொள்ளப் போகிறார்களாம். ஆளுக்கொரு வேலையாக அவர்களே செய்யப் போகிறார்கள். இங்கே எந்தக் காரியமானாலும் இக்கரை அக்கரை எல்லாரையும் கூட்டிக் கேட்பார்கள். ஒரே ஒருவர் வேண்டாம் என்று கை தூக்கினாலும் அதைச் செய்ய மாட்டார்கள், அதுதான் வழக்கம். நாளைச் சாயங்காலம் கூட்டம். இதை எவரும் எதிர்க்கப் போவதில்லை.

ஆகவே நீ தைரியமாக ஆளை அழைத்து வா. பாதை வேலை தொடங்கியிருக்கும், நம் கூடத்தில் ஈ காக்கை இருக்காது. அமைதியான வீடு என்று அடித்துச் சொல்லலாம், பொய்யில்லை. கையோடு பேசி முடித்துவிடு. உன் அக்காவின் சம்மதத்துக்குக் காத்திராதே. அவள் "ம்" என்றுதான் சொல்வாள்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவிக்கு என் அன்பு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், இந்த வீட்டைத் தவிர.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தணியாத
உன் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் கூட்டத்துக்குப் போய் வந்துவிட்டேன். அக்கரையில் மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பாதை வேண்டுமா என்று தலைவர் கேட்டார். அப்போது உன் அக்கா எழுந்தாள். "அவருக்குச் சத்தம் ஆகாதுங்க. ஆயுசு பூரா சத்தத்துலயே இருந்துட்டார். பாதையைப் போட்டுடுங்க" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவன், எனக்குத் தெரியாதா? எதிர்ப்பு உண்டா என்று தலைவர் வழக்கத்துக்காகக் கேட்டார். ஒரு கை உயர்ந்திருந்தது. யாருடையது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். என்னுடையதுதான்.

"சார், உங்களுக்காகத்தானே போடறோம்" என்றார் தலைவர்.

"பாதையைப் போட்டுட்டா எங்க வீட்டுக்கு யார் வருவா?" என்றேன். சொன்ன பிறகுதான், சொன்னது நான் என்று தெரிந்தது. உட்கார்ந்து மேல்துண்டில் மூக்கைச் சிந்திக்கொண்டேன். நர்ஸம்மா உடனே சளி என்றார்கள்.

காரியம் கைவிடப்பட்டது. தாழ்ப்பாளை மீசைக்காரர் திருப்புளி கொண்டுவந்து கழற்றிக்கொண்டிருக்கிறார். உன் அக்கா உள்ளே பாத்திரத்தை உருட்டுகிறாள், காதுக்கு இதமாக இருக்கிறது. வீடு பார்க்க வருகிற மனிதரை இனிமேல் தடுக்க முடியாது என்றால் அழைத்துக்கொண்டே வா, பாதகமில்லை. நம் வீடு விற்பனைக்கு இல்லை. ஆனால் அக்கரையில் ஒரு நல்ல வீடு காலியாக இருக்கிறது, அவருக்குக் காட்டலாம். வழி நம் கூடத்துக்குள்தான்.