ஐந்தாம் வகுப்பின் நடவுப் பாடம்

உலகக் கல்வி வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: தலைமை ஆசிரியர் துரைக்கண்ணு பிள்ளைகளை வயலில் இறக்குவதற்கு முந்தைய இருண்ட காலம், அதற்குப் பிந்தைய பொற்காலம்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருந்த அவருடைய தொடக்கப் பள்ளி ஒரு கீற்றுக் கொட்டகை. மழை வந்தால் இயற்கைப் பாடம் தானாகவே உள்ளே வந்துவிடும். அந்த ஆண்டு நடவு ஆட்கள் கூலியாக ஒரு படி நெல் கூடுதலாகக் கேட்டு, வேலைக்கு இறங்க மறுத்துவிட்டார்கள். மிராசுதார் சாரங்கபாணியின் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தால் அவர் வழிக்கு வந்தே தீரவேண்டும். நாடு இப்படி நெருக்கடியில் இருக்கும்போது கல்வி கைகட்டி நிற்குமா?

சாரங்கபாணி முற்போக்காளர். ஆட்சி மாறிய வாரமே துண்டின் கரையை மாற்றிக்கொண்டவர். நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தலைவணங்கி, இன்னும் பிறக்காத பேரன்களுக்குக்கூட நிலத்தைப் பகிர்ந்தளித்த சமத்துவவாதி. அவர் 'சிறப்பு விருந்தினராக'ப் பள்ளிக்கு எழுந்தருளினார்.

“புள்ளைங்க எந்நேரமும் புத்தகத்தையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி சார்? கையால செஞ்சு கத்துக்கணும். நம்ம வயல்ல நட்டுப் பழகட்டும். ஒங்க கொட்டகைக்கும் ஓடு போட்டுடலாம்.”

கல்வித் தத்துவம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் துரைக்கண்ணுவுக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் காலை வணக்கப் பாட்டு முடிந்ததும் ஐந்தாம் வகுப்பு சேற்றில் இறங்கியது. அத்தனை பேரும் நடவு ஆட்களின் பிள்ளைகள். வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய அம்சம் செய்தி கேட்டு ஓடிவந்தாள். அவள் மகள் வேம்பு முதல் வரிசையில் குனிந்திருந்தாள்.

“எங்க வயித்துல அடிக்க எங்க புள்ளைங்களையே எறக்கிட்டீங்களே சார்.”

“இது வேலை இல்லம்மா, படிப்பு,” என்றார் துரைக்கண்ணு. “படிப்புக்கு யாராச்சும் கூலி கேப்பாங்களா?”

அம்சத்துக்கு இந்த நவீனக் கருத்து பிடிபடவில்லை. வரப்பில் நின்று அழுதாள்.

அந்த நேரம் பார்த்துச் சாரங்கபாணி குடையோடு வரப்பில் வந்து, “மாணவச் செல்வங்களே” என்று ஆரம்பித்தார். வேம்பு கட்டி வைத்திருந்த ஒரு நாற்று முடியை அவர் காலடியில் வைத்து வழிமறித்தாள். நடவு வயலுக்குப் பெரிய மனிதர் வந்தால் பெண்கள் இப்படி மறித்துக் காசு கேட்பது வழக்கம். கொடுக்காமல் முடியைத் தாண்டக் கூடாது. பாடம் நன்றாக ஏறியிருப்பதில் மகிழ்ந்து அவர் நாலணாவை நீட்டினார்.

“காசு வேணாங்க. எங்கம்மா கேட்ட கூலியக் குடுங்க.”

மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு முடியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னும் பின்னும் வைத்தார்கள். நெற்பயிரை மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு படி நெல் கொடுக்கவும் மனம் வரவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னும் நடாத பக்கமாகச் சேற்றில் இறங்கி, முழங்கால் புதையப் புதைய நடந்தார். தம் வயலில் அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை. அம்சம் அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். பிள்ளைகள் நடவை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த நாள் பள்ளிக்கு வேறு சிறப்பு விருந்தினர்கள் வந்தார்கள். காக்கி உடுப்பில், வேனில் வந்தார்கள். பிள்ளைகள் பழக்கப்படி எழுந்து வணக்கப் பாட்டுப் பாடினார்கள். பள்ளிக்கு வரவேண்டிய பச்சைப் பிள்ளைகளைச் சேற்றில் இறக்கி வேலை வாங்கியதாக அம்சத்தின் மீது புகார். அவள் ஏற்கெனவே வேனில்தான் இருந்தாள். தலைமை ஆசிரியர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

வாசலில் மாட்டுவண்டியிலிருந்து ஓடு இறங்கிக்கொண்டிருந்தது.

“சார், நீங்கதானே எங்கள எறக்குனீங்க?” என்று கேட்டாள் வேம்பு.

துரைக்கண்ணு பேனாவின் மூடியைக் கழற்றினார். கையெழுத்து நடுக்கமில்லாமல், முத்து முத்தாக விழுந்தது. கையால் செய்து கற்றதில் அந்தப் பள்ளியில் முழுத் தேர்ச்சி பெற்றவர் அவர் ஒருவர்தான்.